முள் சொல்வதெல்லாம் மெய்யா?

பள்ளி ஆய்வகத்தில் ஒரு வோல்ட்டுமீட்டரைக் கையில் எடுக்கும்போது, "இது சரியாகத்தான் அளக்கிறதா?" என்று என்றைக்காவது நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருக்கமாட்டீர்கள். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் அதையே கற்பித்துவரும் நானும் கேட்டதில்லை. அக்கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய காரின் மீட்டர் போர்டு.

என் மனைவிக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஆகவே எங்கள் குடியிருப்பு அணுபுரத்தில். நான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய்வருகிறேன். பெரும்பாலும் பேருந்தில், மழை நாட்களில் மட்டும் என் தந்தையார் விட்டுச்சென்ற காரில். நாற்பது வயதைக் கடந்த வண்டி அது. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பதறிப்போய் ஓரமாக நிறுத்தி மூடியைத் தூக்கினேன். ஆவி இல்லை, கொதிக்கும் ஓசையும் இல்லை. அரை மணி நேரம் மழையில் நனைந்ததுதான் மிச்சம்.

முதல் பட்டறையில், "ஹெட்டைக் கழற்றிப் பார்க்கணும் சார்" என்றார்கள். இரண்டாவது பட்டறையில் எஞ்சினிலுள்ள வெப்ப உணர்வியை மாற்றினார்கள். முள் அசையவில்லை. மூன்றாமவர், "எதுக்கு சார் தொல்லை? பழைய சாமான் கடையில் வேறு மீட்டர் போர்டு வாங்கி மாட்டிடலாம்" என்றார். அவர்களைக் குறை கூற நான் வரவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்தாலும் என்றோ ஒருநாள் வண்டி சரியாகிவிடும். ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது.

துப்புக் கிடைத்தது பெட்ரோல் பங்க்கில். பெட்ரோல்மானியின் முள் முக்கால் தொட்டி என்று காட்டியது. தொட்டியின் கொள்ளளவு 40 லிட்டர். அப்படியானால் 10 லிட்டர்தானே பிடிக்கவேண்டும்? 24 லிட்டர் பிடித்தது! உள்ளே இருந்தது 16 லிட்டர் மட்டுமே. ஆக, பொய் சொன்னது ஒரு முள் அன்று, இரண்டு முட்கள். இரண்டும் ஒரே திசையில், மிகுதியாகவே சொல்லியிருக்கின்றன. பெட்ரோலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கவேண்டும்.

இங்கே அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இருந்த அமைப்பைச் சற்று விளக்கவேண்டும். பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் குறையும்போது மிதவை இறங்கி, ஒரு மின்தடையை மாற்றுகிறது. எஞ்சினின் குளிர்நீரில் அமிழ்ந்துள்ள உணர்வியும் சூட்டுக்கேற்பத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும். முன்னே உள்ள ஒவ்வொரு மானியிலும் ஓர் ஈருலோகப் பட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பி. கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடேறி வளையும், முள் நகரும். இவ்வகை முட்கள் சாவியைத் திருப்பியதும் துள்ளாமல் சோம்பலாக மெல்ல ஏறுவது இதனால்தான்.

ஆனால் பேட்டரியின் மின்னழுத்தம் ஒரே நிலையில் இருப்பதில்லை. எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஓடும்போது ஏறத்தாழ 14. ஆகவே மானிகளுக்கு முன்னால் நிலைப்படுத்தி என்றொரு சிறு பெட்டியை வைத்தார்கள். அதற்குள்ளும் ஓர் ஈருலோகப் பட்டைதான். சூடானதும் வளைந்து தன் மின்னிணைப்பைத் தானே துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் இணைக்கும். இப்படி விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தின் சராசரி 10 வோல்ட்டு ஆகிறது. சோம்பேறி முள்ளுக்குச் சராசரி மட்டுமே தெரியும்! இந்தச் சிறு தந்திரத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, நிலைப்படுத்தியின் வெளிவாயில் அளந்தேன். ஏறி இறங்கவேண்டிய அளவு 13.9 வோல்ட்டில் ஆடாமல் நின்றது. இப்போது கணக்கைப் பாருங்கள். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1.39-இன் இருமடி ஏறத்தாழ 1.9. அதாவது முள் நகரவேண்டியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நகரும். தொட்டியில் உண்மையில் இருந்தது 40 லிட்டருக்கு 16, அதாவது 0.4 பங்கு. அதை 1.9 ஆல் பெருக்கினால் 0.76. முக்கால் தொட்டி!

நிலைப்படுத்தி ஏன் துண்டிக்க மறந்தது? அதன் சூடேற்றும் கம்பி எர்த் வழியாகத்தான் மின்சுற்றை முடிக்கவேண்டும். எர்த் இணைப்பு, மீட்டர் போர்டைக் காரின் உடலோடு பிணைக்கும் ஒரு திருகாணி. மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்பதை எங்கள் பகுதியில் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். திருகாணிக்கும் தகட்டுக்கும் நடுவே துரு படர்ந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரண்டையும் பளபளவென்று தேய்த்து இறுக்கினேன். இரண்டு முட்களும் பழைய இடத்துக்கு வந்தன.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு மாதமாகவே மீட்டர் போர்டின் இரவு விளக்குகள் எரியவில்லை. பல்பு போய்விட்டது என்று நானே தீர்மானித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அவற்றுக்கும் அதே திருகாணிதான் எர்த். வேகமானி மட்டும் கடைசிவரை ஒழுங்காக இருந்தது. அதற்குப் பேட்டரி மின்சாரமே வேண்டாம்; சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி அதை இழுக்கிறது. எது கெட்டது, எது கெடவில்லை என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் முதல் நாளே விடை தெரிந்திருக்கும்.

அதற்காக, "முட்கள் பொய் சொல்லும், பொருட்படுத்தவேண்டாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சிவப்பைக் கண்டால் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. பெட்ரோல் தொட்டிப் பக்கம் மின்சோதனை செய்யவும் கூடாது. வேறொரு விந்தையும் உண்டு. குளிர்நீர் முழுவதும் ஒழுகிப்போனால் உணர்வி நீரில் அமிழாமல் வெறுமையில் நிற்கும். அப்போது எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கக்கூடும்! ஓட்டுபவர் மகிழ்ந்துபோவார்.

இது கார்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. 1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த ஒரு வால்வு திரும்ப மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதன் விளக்கு அணைந்துவிட்டது. மூடிவிட்டது என்று பணியாளர்கள் எண்ணினர். உண்மையில் அவ்விளக்கு வால்வைப் பார்க்கவேயில்லை. வால்வைத் திறந்துவைக்கும் மின்சாரம் நின்றதை மட்டுமே அது சொன்னது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. வேறோர் அளவி நீர்மட்டம் மிகுதி என்று காட்டியதால், அவசரமாக வந்த நீரையும் குறைத்துவிட்டனர். உலையின் எரிபொருளில் ஏறக்குறையப் பாதி உருகிற்று. வால்வுக்கு அப்பாலிருந்த குழாய் சூடாக இருந்ததை ஒரு வெப்பமானி காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டார்கள், என் பல்பைப்போல.

கல்பாக்கத்தில் 1983-இல் முதல் அணுமின் உலை இயங்கத் தொடங்கியது. இத்தகைய உலைகளில் முக்கியமான அளவு ஒவ்வொன்றையும் மூன்று தனித்தனிக் கருவிகள் அளக்கின்றன. மூன்றில் இரண்டு அபாயம் என்றால் உலை நிறுத்தப்படும். கருவி தவறக்கூடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. நம் பள்ளிச் செய்முறை வகுப்போ கருவி தவறவே தவறாது என்று நடிக்கிறது. ஆகவே என் கருத்து இதுதான்: செய்முறைத் தேர்வுக்கு வைக்கும் கருவிகளுள் ஒன்று வேண்டுமென்றே பழுதானதாக இருக்கட்டும். அதைக் கண்டுபிடிப்பவருக்கே முழு மதிப்பெண். "பாடத்தை முடிக்கவே நேரமில்லை; இதில் பிள்ளைகளைக் குழப்புவதா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். நேரமில்லை என்பது மெய்தான். பத்துச் சோதனைகளை எட்டாகக் குறைத்துக்கொள்ளலாம் என்பேன்.

இவ்வாண்டு என் வகுப்பில் ஒன்று செய்துபார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்காட்டும் ஒரு வோல்ட்டுமீட்டரை ஒரு மேசையில் வைத்து, 5 ஓம் கம்பிச்சுருளின் மின்தடையைக் காணச் சொன்னேன். 6 ஓம் வரவேண்டும். அம்மேசைக்கு மாறிமாறி வந்த 12 பேரில் 11 பேர் 5.0, 5.1 என்று அழகாக எழுதிக் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு ஏட்டில் விடை இருக்கிறதே! ஒரு மாணவி மட்டும் 6.0 என்று எழுதி, பக்கத்து மேசை மீட்டரை இரவல் வாங்கி அளந்து, இரண்டு அட்டவணைகளையும் ஒட்டி, "முதல் மீட்டரில் பிழை இருக்கலாம்" என்று குறித்திருந்தாள். பொதுத்தேர்வாக இருந்தால், இடத்தை விட்டு எழுந்ததற்கே அவளை அதட்டியிருப்பார்கள். அந்த 11 ஏடுகளையும் மறுபடி செய்யச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீட்டர் இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.