‘பார்த்துப் போயிருக்கலாமே’ என்று சொல்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

கழக்கூட்டம் சம்பவம் வெளியே வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: ‘நல்ல கிளினிக்காப் பார்த்துப் போயிருக்கலாமே!’ டி.வி. விவாதங்களில் அதைத்தான் சொன்னார்கள், கோயில் வாசலிலும் அதையேதான் சொல்கிறார்கள். உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கமும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொள்பவர்கள் ‘கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்’ என்று முடித்துக்கொண்டது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று எழுதவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். 2025 பிப்ரவரி 22-ஆம் தேதி திருவனந்தபுரம் கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு காஸ்மெடிக் கிளினிக்கில் ஓர் இளம்பெண் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் செய்துகொண்டார். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு உடல்நிலை மோசமாகி வேறொரு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் கிடந்தார். பிழைத்தார், ஆனால் கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. போலீஸ் வழக்குப் பதிந்தது. மே மாதம் அந்த கிளினிக்கின் பதிவை ரத்து செய்தார்கள். வழக்கில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால், ரத்து செய்யும் அதிகாரம் மே மாதத்தில் இருந்ததென்றால் பிப்ரவரியிலும் இருந்திருக்கும் அல்லவா? அந்தப் பெண் வாசற்படி ஏறிய நாளில், அந்த அதிகாரம் வைத்திருந்தவர்கள் அவருக்கு என்ன தெரியப்படுத்தினார்கள்?

கேரளத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. கிளினிக்குகளையும் மருத்துவமனைகளையும் பதிவு செய்யும் சட்டம் 2018-இல் நிறைவேறி, 2019 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் இந்திய மருத்துவச் சங்கமும் (ஐ.எம்.ஏ.) அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2025 நவம்பரில் உயர்நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் சட்டம் செல்லும் என்றது. சேவைகளையும் கட்டணங்களையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்கச் சொன்னது. நல்லதுதான். இனி லைப்போசக்ஷனுக்கு எத்தனை ஆயிரம் என்று வரவேற்பறையில் தெரிந்துவிடும். கத்தியைப் பிடிக்கப் போகிறவர் யார், என்ன படித்தவர், மயக்க மருந்து கொடுப்பவர் யார், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் எந்த ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோவார்கள்? இதெல்லாம் எந்தப் பலகையில் இருக்கிறது? பதிவிலும் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு வகை உண்டு. கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் பார்த்து உள்ளே போகிறவருக்கு அது எந்த வகை, எந்தெந்தச் சிகிச்சைக்கான பதிவு என்பது எளிதில் தெரிவதில்லை.

என் அக்கா மகளுக்காக லைப்போசக்ஷன் பற்றி விசாரிக்க இங்குள்ள சில கிளினிக்குகளுக்கு நானே போன் செய்தேன். (பெயர்களைச் சொல்லப் போவதில்லை, எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள்.) ‘சர்ஜன் என்ன படித்தவர்?’ என்றால், ‘ரொம்ப சீனியர் டாக்டர், சேச்சி.’ ‘எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியா?’ என்றால், ‘காஸ்மெடிக் சர்ஜன்.’ ‘ஐ.சி.யூ. உண்டா?’ என்றதும் சிரிப்பு. ‘இது சின்ன ப்ரொசீஜர்தானே சேச்சி, அன்றைக்கே நடந்தே போகலாம்.’ கூடவே மாதத் தவணை வசதியும் மாதக் கடைசி வரைக்குமான தள்ளுபடியும். டாக்டரின் பெயரை மட்டும் நேரில் வந்தால்தான் சொல்வார்களாம்.

சின்ன ப்ரொசீஜர் என்பது எவ்வளவு பெரிய பொய்! தோலுக்கடியில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்த உப்பு நீரை ஏற்றி, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். மருந்தின் அளவு உடல் எடைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். குழாய் தவறினால் குடலில் ஓட்டை விழலாம். கொழுப்புத் துணுக்கு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். கிருமி புகுந்தால் உடம்பு முழுக்கப் பரவலாம். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் இரவு முழுக்கக் கூடவே வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது துறையில் எல்லாரும் அறிந்த நெறி.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் சர்ஜன் ஆக எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.எஸ். முடித்து, அதற்கும் மேலே மூன்று வருடம் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான மேற்படிப்புப் படிக்க வேண்டும். வெறும் ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்று ஒரு தனிப் பட்டப்படிப்பு கிடையாது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்றுச் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, பயிலரங்கில் உட்கார்ந்ததும் யூடியூப் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டி வந்தது. ஓர் ஆணையம் அதை எழுத்தில் சொல்ல நேர்ந்ததென்றால் நிலைமை என்னவென்று புரிந்துகொள்ளலாம்.

‘படித்தவர்கள் விசாரித்துப் போகக்கூடாதா?’ என்பவர்களுக்கு 2016-ஐ நினைவுபடுத்துகிறேன். சென்னையில் முடி மாற்றுச் சிகிச்சைக்குப் போய், வேலூர் சி.எம்.சி.யில் உயிரை விட்டவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர். சிகிச்சை நடந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. விரைவில் டாக்டர் ஆகியிருக்க வேண்டிய ஒருவராலேயே கண்டுபிடிக்க முடியாததை, களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் எப்படிக் கண்டுபிடிப்பாள்? நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் வருவது நம் சனங்களுக்குக் காலங்காலமான வழக்கம். இங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள்.

விளம்பரத்தில் டாக்டர் பெயர் ஏன் இல்லை என்பதும் வேடிக்கையான கதை. நோயாளிகளை வலைவீசிப் பிடிப்பது ஒழுக்கக்கேடு என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. டாக்டர்களோடு நிறுவனங்களையும் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கக்கூடியது ஒரு டாக்டரின் பெயரைத்தான். கம்பெனியின் பெயர் அந்தப் பதிவேட்டிலேயே கிடையாது. அதனால் கம்பெனி பெயரில் விளம்பரம் வருகிறது, ‘முன்’ ‘பின்’ படங்கள் வருகின்றன. டாக்டர் மட்டும் மறைந்துகொள்கிறார். பெயர் தெரிந்தாலல்லவா கவுன்சில் பதிவேட்டில் அவர் படிப்பைத் தேடிப் பார்க்க முடியும்!

இதில் அதிகம் அடிபடுவது ஒழுங்காகத் தொழில் செய்யும் சர்ஜன்களின் பெயர்தான். இதே ஊர் அரசு மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் தீக்காயம் பட்டவர்களும் விபத்தில் சிதைந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே பணக்காரர்களின் மினுக்கு என்ற பேச்சு அவர்கள் காதில் விழும்போது எப்படி இருக்கும்?

மாவட்டப் பதிவு அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒவ்வொரு கிளினிக்கின் பதிவு எண்ணோடு, எந்த அறுவைச் சிகிச்சைகளுக்கு அனுமதி, செய்கிறவரின் பெயர், பட்டம், கவுன்சில் பதிவு எண், அவசரத்துக்கு ஒப்பந்தமுள்ள மருத்துவமனை ஆகியவற்றை வாசலில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இவை இல்லாத இடத்தை ஒருவர் விரல் போவதற்கு முன்பே மூடுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. நலவாழ்வுப் பக்கம் ‘கவனமாகத் தேர்ந்தெடுங்கள்’ என்று சொன்ன அதே இதழின் கடைசிப் பக்கத்தில், அரைப்பக்க அளவில், டாக்டர் பெயரோ பதிவு எண்ணோ இல்லாத ஒரு லைப்போசக்ஷன் விளம்பரம் வந்திருந்தது. சிட் பண்டு விளம்பரம் என்றால் பதிவு விவரம் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை அந்த விளம்பரக்காரர் வரும்போது டாக்டர் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள்; தர மறுத்தால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரமனை, திருவனந்தபுரம்.