பிரேக் பேட் மாற்றக் கை வைக்கலாமா?

காரின் முன்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம் என்பதே என் கட்சி. கூலி மிச்சமாவதைவிட, வண்டி எப்படி நிற்கிறது என்பது ஓட்டுகிறவருக்கு விளங்கிவிடுவது பெரிய லாபம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டிக்கு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பேடில் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடித்தால், பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவைக் கவனியுங்கள். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும். டிஸ்க்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. எல்லாம் மாட்டியதும் முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். அது கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டு, அப்புறம் வண்டியை எடுங்கள்.