விஷம் தின்று வாழ்பவர்கள்

மழை தவறி வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிட மாட்டார்கள். மரவள்ளி இலையை ஆடு கடித்துவிட்டால் வீடே பதறும். இரண்டிலும் உள்ள விஷம் சயனைடு. நம் காடாம்புலியூர் பக்கம் ஆடு மாடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், பெயர் தெரியாவிட்டாலும் அது செய்யும் வேலையைச் சொல்வார்கள்.

அதே சயனைடைத் தினமும் மூன்று வேளையும் தின்று சௌக்கியமாக இருக்கும் ஒரு பிராணி மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. பெயர், பொன்னிற மூங்கில் லெமூர். பூனையை விடச் சின்ன உடம்பு. அங்குள்ள ராட்சத மூங்கிலின் குருத்தைத் தின்னும், ஒரு நாளைக்கு அரைக் கிலோ வரை! அதில் இருக்கும் சயனைடு, அந்த அளவு உடம்பைக் கொல்லத் தேவையானதைப் போல சுமார் 12 மடங்கு. எப்படிச் செரிக்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வெளி உலகுக்கு அது தெரியவந்ததே 1986-ல்தான். அதைக் காப்பாற்றவே 1991-ல் ரனோமஃபானா காட்டைத் தேசியப் பூங்காவாக்கினார்கள்.

யாரும் தொடாத உணவு என்றால் போட்டி கிடையாது. ஆனால் மூங்கிலை வெட்டிவிட்டால், அடுத்த வேளைக்குப் போக வேறு இலை இல்லை.

‘எங்கேயோ இருக்கும் லெமூர் நமக்கெதற்கு?’ என்கிறீர்களா? அதன் ஒன்றுவிட்ட உறவு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தேவாங்கு! ஒல்லியாக, கண் பெரிதாக யாராவது இருந்தால் ‘தேவாங்கு மாதிரி’ என்று கேலி செய்கிறோமே, அதேதான். ஈர மூக்கு, ரோமத்தைக் கோத வசதியாகச் சீப்பு போன்ற கீழ்ப்பற்கள், காலின் இரண்டாம் விரலில் மட்டும் சொறிவதற்கென்று ஒரு கூர்நகம்... லெமூருக்கும் தேவாங்குக்கும் இதெல்லாம் ஒன்றே. வால் மட்டும் தேவாங்குக்கு இல்லை. எடை கால் கிலோ சொச்சம்.

சாப்பாட்டு விஷயத்திலும் குடும்ப ஜாடை தெரிகிறது. 1990-களின் கடைசியில் திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்க் காட்டில், அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் தேவாங்குகளின் பின்னால் இரவிரவாக நடந்தார். அவை தின்றது கிட்டத்தட்ட முழுக்கப் பூச்சிகள். அதிலும் எறும்பும் கரையானும்தான் அதிகம். கடிக்கிற, கொட்டுகிற, நாற்றமடிக்கிற பூச்சிகளையும் விடுவதில்லை. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போய் முசுறு எறும்பிடம் மாட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். நாம் வேட்டியை உதறிக்கொண்டு ஓடுவோம். தேவாங்கு உட்கார்ந்து சாப்பிடும்!

சாப்பிடும்போது தன் சிறுநீரையே கையிலும் முகத்திலும் பூசிக்கொள்ளும். முகம் சுளிக்காதீர்கள். பூச்சிக்கடியின் எரிச்சலைத் தணிக்கத்தான் இது என்று ஒரு கருத்து உண்டு. அதன் நிதான நடைக்கும் இந்தச் சாப்பாட்டில் பங்கிருக்கலாம் என்கிறார்கள். விஷத்தைச் செரிக்கும் உடம்பு மெதுவாகத்தானே எரியும்.

எறும்பு விஷத்தைச் சமாளிக்கிற பிராணியால் மனிதனைச் சமாளிக்க முடியவில்லை. தாயத்துக்கும் வசியத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடித்தார்கள். அதன் கண்ணில் என்ன வசியம் இருக்கிறதோ! இருட்டில் பூச்சி தேடத்தான் அந்தப் பெரிய கண். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி இது. பிடித்தாலும் விற்றாலும் வளர்த்தாலும் சிறைதான்.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த நாட்டின் முதல் சரணாலயம். புலிக்கும் யானைக்கும் மட்டுமே காடு என்றிருந்த நாட்டில், முள்காட்டையும் காடாக மதித்தார்களே என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். கிளைவிட்டுக் கிளை தாவத் தெரியாது தேவாங்குக்கு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எட்டும். நடுவில் நாலு மரம் போனால், தரையில் இறங்கித்தான் சாலையைக் கடக்க வேண்டும். அந்த நடையில் வண்டிக்குத் தப்புவது கஷ்டம்.

அந்தப் பக்கம் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பொழுது சாய்ந்ததும் தாய்த் தேவாங்கு குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். இரட்டைக் குட்டிகளும் சகஜம். தனியாகத் தொங்குகிறதே, பாவம் அநாதை என்று எடுத்து வந்து பால் புகட்டாதீர்கள். டார்ச்சை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விடிவதற்குள் தாய் வந்துவிடும்.