கேட்டால்தான் நிற்கும்

டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கும் என் பழைய மாணவன் நேற்று போனில் கேட்டான்: "சார், கையில 8,000 டாலர் இருக்கு. வீட்டுக் கடன்ல கட்டி பிஎம்ஐயை ஒழிச்சிடலாமா?"

வீட்டின் விலை 4,00,000. கடன் வாங்கியது 3,60,000. இன்றைய பாக்கி 3,28,000. முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் வாங்கும் இந்தக் காப்பீடு காப்பது கடன் கொடுத்தவரை, அவனை அல்ல. மாதம் 150 டாலர் போகிறது.

1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாக்கி விலையில் 80 சதவீதத்துக்கு, அதாவது 3,20,000-க்கு, இறங்கியதும் தவணை தவறாதவர் எழுதிக் கேட்டு நிறுத்தலாம். 78-இல் தானாகவே நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள். அது ஆரம்பத் தவணை அட்டவணைப்படி. முன்கூட்டிக் கட்டியதைப் பார்க்காது. எஃப்எச்ஏ கடனுக்கு விதி வேறு.

கணக்குப்படி கட்டுவது லாபம்தான். ஆனால் கேட்டேன்: "இது போனா மிச்சம் எவ்வளவுப்பா?" பதில் இல்லை. அவன் எச்-1பி விசாவில் இருக்கிறான். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வீட்டில் போட்ட பணம் அன்றைக்குக் கைக்கு வராது.

பிள்ளைகளே, ஆறு மாதச் செலவுக்குத் தனியே இருந்தால் கட்டுங்கள், கையோடு கடிதமும் எழுதுங்கள். இல்லையென்றால், 150 டாலர் போனால் போகட்டும், முதலில் கையிருப்பைச் சேருங்கள்.