பபிள் ராப்ல மிச்சம் பிடிக்காதீங்க, பாக்ஸ் சைஸ்ல பிடிங்க!

வேலைக்குப் போய்க்கிட்டே ஆன்லைன்ல காபி மக் விற்கிறீங்களா? ஒரு கணக்குப் போடுவோம்.

பார்சலுக்கு 8 ரூபாய் பபிள் ராப்பை மிச்சம் பிடிக்கிறீங்கன்னு வைங்க. ஒரு மக் உடைஞ்சா, அடக்க விலை 200, திரும்ப அனுப்ப கூரியர் 80. மொத்தம் 280 ரூபாய். 35 பார்சல்ல சேர்த்தது ஒரே உடைசல்ல காலி!

உண்மையான மிச்சம் பாக்ஸ் சைஸ்லதான் இருக்கு. பல கூரியர் நிறுவனங்கள் பாக்ஸோட நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி, 5000-ஆல வகுப்பாங்க. அந்த எடை, நிஜ எடை, இதுல எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ். 400 கிராம் மக்கை 30×20×20 பாக்ஸ்ல போட்டா 2.4 கிலோ, 15×15×15-ல போட்டா 0.675 கிலோதான்.

அதனால பொருளுக்குப் பொருந்துற பாக்ஸ் வாங்குங்க, சுத்தி பபிள் ராப் போடுங்க. ஆட்டிப் பார்த்தா உள்ளே அசையக் கூடாது. இந்தச் செலவையும் சேர்த்தே விலை வைங்க. இல்லைன்னா, உங்க சம்பளம்தான் பிசினஸுக்கு மானியம் கொடுத்துக்கிட்டு இருக்கும்.