தராசு யார் கையில்?



நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளி வைக்கிறார்கள். ஈரப்பதம் பார்க்கிற கருவி யார் கையில் இருக்குது? நம் கையில் இல்லை. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பினால் பிழிதிறன் இவ்வளவுதான் என்று சீட்டு வருகிறது. அதை அளந்தது யார்? ஆலைக்காரர்தான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை 10.25 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். பிழிதிறன் குறைந்தால் விலையும் குறையும். விளைவிக்கிறவன் ஒருவன், அளக்கிறவன் இன்னொருவன், விலை சொல்கிறவனும் அந்த அளக்கிறவனே! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்று நம் பாட்டன் சொன்னது மழை பொய்த்ததால் மட்டும் அல்ல. உழக்கே அடுத்தவன் கையில் இருந்ததாலும்தான்.

இந்தக் கொடுமை பம்பை ஆற்றங்கரையில் இருக்கிற நமக்கு மட்டும்தானா? இந்தக் கேள்வியோடுதான் நம் சங்கத்தின் திருவாமாத்தூர்க் கிளைத் தோழர்கள் ஒரு நாள் கல்வராயன் மலைக்குப் போய் வந்தோம். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போகிற மாதிரி பூங்கா பார்க்கவும் படகு விடவும் போகவில்லை. அங்கே சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைவிக்கிற, தேனும் புளியும் கடுக்காயும் சேகரிக்கிற மக்களைப் பார்த்துப் பேசப் போனோம். ஆண்களும் பெண்களுமாக ஒரு பஸ் நிறைய ஆட்கள். விடியும் முன்னே கிளம்பி, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. நம் பக்கத்து மணிலாக்கொட்டை, உளுந்து, வெல்லம் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போனோம்.

2019 நவம்பர் 26 வரை அந்த மலையும் நம் விழுப்புரம் மாவட்டம்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அது வேறு மாவட்டம். ஆனால் கோடு போட்டது வரைபடத்தில்தானே தவிர, வயிற்றில் அல்ல!

அந்த மலையின் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேணும். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசுகிற மலைவாசிகள். நாடு 1947லேயே சுதந்திரம் பெற்றது. ஆனால் மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது 1976ல்தான். சமவெளியில் ஜமீன் ஒழிந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அங்கே ஜாகீர் இருந்தது. ஓட்டுரிமைகூட 1996ல்தான் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. சொந்த நிலத்தில் உழுகிறவன் தன் பெயரில் பட்டா இல்லாமல் நிற்கிற நிலைமைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் அந்த மலை பத்திரிகையில் வந்தது எப்போது? 2024 ஜூனில். கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, ‘கல்வராயன் மலை என்றாலே சாராயம்’ என்று எழுதினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, மலை மக்களின் வாழ்வாதாரம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டியதாயிற்று. ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் கோர்ட்டில் பேசப்பட்டன. ஆனால் விளைபொருளுக்கு விலை உண்டா என்பதை யார் பேசினார்கள்? உழைத்து விளைவித்ததற்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத இடத்தில் வேறு எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அது நிலைக்காது.

சரி, அங்கே என்ன பார்த்தோம்?

முதலில் சாமை. மழையை நம்பி விதைத்து, மூன்று நான்கு மாதத்தில் அறுத்து, களத்தில் அடித்துத் தூற்றி மூட்டை கட்டுகிறார்கள். உரம் இல்லை, மருந்து இல்லை, போர் இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் சாமையை அப்படியே சமைக்க முடியாது. உமி நீக்க வேணும். அதை உரலில் போட்டு உலக்கையால் குத்துவது அன்று முதல் இன்று வரை பெண்கள் வேலை. ஒரு நாள் சோற்றுக்குக் குத்தவே தோள் இற்றுப்போகும். அதனால் சாமையை நெல் மாதிரி உமியோடேயே மூட்டையாக விற்றுவிடுகிறார்கள். அது மலை இறங்கி, மில்லுக்குப் போய், அரிசியாகி, பாக்கெட்டில் அடைபட்டு, ‘சிறுதானியம், சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று அச்சடித்த உறையோடு நகரத்துக் கடையில் உட்காருகிறது. ஒரு பாட்டி எங்களிடம் கேட்டார்: “மூட்டைய நாங்க போடுறோம் சாமி. அதே சாமைய அரிசியா வாங்கணும்னா எங்களுக்கே கட்டுபடி ஆவல. ரேசன் அரிசிதான் பொங்கித் திங்கிறோம். எங்க சாமைய யாரு சாமி திங்கிறா?” நம்மில் யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. நம் அரசாங்கம்தான் அதை முன்மொழிந்தது. மாநாடு நடந்தது, விருந்து நடந்தது. ஆனால் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு மூன்றும்தான் இருக்கின்றன. சாமை இல்லை! தினை இல்லை! வரகு இல்லை! கேழ்வரகுக்கு 2025-26ல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று அறிவித்தார்கள். சாமைக்கு எவ்வளவு? வியாபாரி சொல்வதுதான் விலை. விழாவுக்குச் சாமை வேணும், விலைப் பட்டியலுக்கு வேண்டாமா?

அடுத்தது மரவள்ளி. பத்து மாதப் பயிர். பிடுங்கிய கிழங்கைப் போட்டு வைக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். அதனால் லாரி வந்ததும் ஏற்றியாக வேணும். சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கிழங்குக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை, ‘பாயிண்ட்’டுக்கு. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். அதைப் பார்க்கிறவர் வாங்குகிறவரின் ஆள். ஒரு பாயிண்ட் குறைந்தால் லோடுக்கு எவ்வளவு போகும் என்று அங்கே சின்னப் பையனுக்குக்கூடத் தெரிகிறது. திருப்பிக் கொண்டு போக முடியாத கிழங்கு, திருப்பி அளக்க முடியாத பாயிண்ட்.

தோழர்களே, நம் கரும்புக் கதையும் அதே கதைதான்! வெட்டிய கரும்பு காய்கிறது, வெட்டிய கிழங்கு கறுக்கிறது. அங்கே பாயிண்ட், இங்கே பிழிதிறன். அவர்களுக்கு லாரி, நமக்கு வெட்டு உத்தரவு. நாம் மலைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த இரண்டும் ஒரே தராசு என்பது கண்ணில் பட்டிருக்காது.

மத்தியானம் ஒரு மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கேழ்வரகுக் களி. சாப்பிட்டு முடித்ததும் தராசை நடுவில் வைத்தோம். நம் மணிலாவும் உளுந்தும் வெல்லமும் ஒரு பக்கம், அவர்கள் சாமையும் தேனும் புளியும் மறுபக்கம். விளைவித்தவரே விலை சொன்னார், வாங்குகிறவரும் ஒரு விவசாயிதான். எடை எல்லார் கண் முன்னாலும் போட்டது. சண்டையும் இல்லை, தரகும் இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பக்க மூட்டையும் தீர்ந்துபோனது. கடையில் கொடுப்பதைவிடக் குறைவாக நாம் கொடுத்தோம், வியாபாரி கொடுப்பதைவிட அதிகமாக அவர்கள் வாங்கினார்கள். நடுவில் போன காசு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேணும்?

சில பேர் கேட்கலாம். “நம்ம நெல்லுக்கே வழியக் காணோம், இதுல மலைக்காரங்க பிரச்சினைய வேற தலைல தூக்கிப் போட்டுக்கணுமா?” என்று. ஞாயமான கேள்விதான். பதிலும் சொல்கிறோம். சமவெளிக்காரன் தனியாகக் கேட்டால் ‘நெல்லுக்குத்தான் விலை கொடுக்கிறோமே’ என்பார்கள். மலைக்காரன் தனியாகக் கேட்டால் ‘நீங்கள் கொஞ்சம் பேர்தானே’ என்பார்கள். பயிருக்குப் பயிர், மாவட்டத்துக்கு மாவட்டம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நம்மைப் பிரித்து வைத்திருப்பதில்தான் தராசு பிடிக்கிறவனின் பலம் இருக்கிறது. 2020ல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களை 2021ல் திரும்பப் பெற வைத்தது எது? பஞ்சாபின் கோதுமைக்காரனும் உத்தரப் பிரதேசத்துக் கரும்புக்காரனும் டெல்லி எல்லையில் ஒரே பந்தலில் உட்கார்ந்ததுதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்றும் கேட்கலாம். நடந்திருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946ல் பால்காரர்கள் கூட்டுறவு தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் சங்கம், சங்கத்திலேயே பாலின் கொழுப்பை உற்பத்தியாளர் கண் முன்னால் அளந்து, அதற்கேற்ற காசு. அதுதான் பிறகு அமுல் ஆனது. பாலில் கொழுப்பை ஊரிலேயே அளக்க முடியும் என்றால் கிழங்கில் பாயிண்ட்டை ஏன் அளக்க முடியாது? ஜப்பானில் 1993 முதல் நெடுஞ்சாலை ஓரங்களில் அரசாங்கப் பதிவோடு நிலையங்கள் நடக்கின்றன. சுற்று வட்டார விவசாயி தன் காய்கறியில் தன் பெயரும் தான் வைத்த விலையும் ஒட்டிக் கொண்டுவந்து வைக்கிறார். நிலையம் ஒரு பங்கு கழித்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு? 1999 நவம்பர் 14ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அதன் நோக்கமும் இதேதானே? விளைவித்தவன் கையிலேயே தராசு! அந்த உழவர் சந்தையில் மலைக்காரனுக்கு ஒரு கடை ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

எனவே மலை மக்களோடு கலந்து பேசி நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. சாமை, தினை, வரகு மூன்றையும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சேர்க்க வேணும். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006ல் சொன்னபடி உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை வேணும்.

2. 2023ல் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேசனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுத்தார்கள் அல்லவா? அதே மாதிரி கல்வராயன் மலையில் சாமையையும் கேழ்வரகையும் நேரடியாகக் கொள்முதல் செய்து ரேசனிலும் சத்துணவிலும் சேர்க்க வேணும்.

3. சாமை உமி நீக்கும் இயந்திரம் மலையிலேயே வேணும். பெண்கள் குழுக்களிடம் ஒப்படைக்க வேணும். திறப்பு விழாவோடு பூட்டிப் போடக் கூடாது.

4. மரவள்ளிப் பாயிண்ட், கரும்புப் பிழிதிறன், நெல் ஈரப்பதம் மூன்றையும் விவசாயி முன்னிலையில் முத்திரையிட்ட கருவியால் அளந்து கையோடு ரசீது தர வேணும்.

5. நம் மாவட்டத்து உழவர் சந்தைகளில் வாரத்தில் இரண்டு நாள் மலை விளைபொருளுக்கு இடம் ஒதுக்க வேணும். ‘வேறு மாவட்டம்’ என்று காரணம் சொல்லி அடையாள அட்டையை மறுக்கக் கூடாது. மூட்டையோடு இறங்கி வர பஸ் வசதி வேணும்.

6. 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டாவும், தேன், கடுக்காய் போன்ற சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையும் முழுமையாகக் கிடைக்க வேணும்.

விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! வாலிபத் தோழர்களே!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் ஒரே மனுவைக் கொடுக்கிறோம். நாம் இங்கே, அவர்கள் அங்கே, வாசகம் ஒன்றே. வருகிறவர்கள் வெறுங்கையோடு வர வேண்டாம். கரும்பு வைத்திருப்பவர் ஒரு கரும்பு, நெல் வைத்திருப்பவர் ஒரு படி நெல். மலையிலிருந்து சாமையும் மரவள்ளிக் கிழங்கும் வந்துகொண்டிருக்கின்றன. நான்கையும் ஆட்சியர் மேசையில் வைத்துக் கேட்போம்: இதை விளைவித்தது நாங்கள். இதை அளக்கிற உரிமை மட்டும் எங்களுக்கு ஏன் இல்லை?

விளைவித்தவன் கையில் தராசு! அதுவரை ஓயாது போராட்டம்!

வாரீர்! திரளாக வாரீர்!