‘காலா’ பாட்டும் தாராவிப் பிள்ளைகளும்

ரஜினிகாந்த் படம் வருகிறது என்றால் மும்பைத் தமிழர்களுக்கு அது ஒரு திருவிழா. 2016-ல் ‘கபாலி’ வெளியானபோது மாட்டுங்கா அரோரா தியேட்டர் வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் திரண்டது. படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். பாட்டைக் கேட்டே படத்தின் தலையெழுத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் செம்பூரிலும் தாராவியிலும் ஏராளம்.

ஆனால், 2018 மே 9-ந் தேதி சென்னையில் வெளியிடப்பட்ட ‘காலா’ படப் பாடல்கள் மும்பையில் மூட்டிய வாக்குவாதத்தைப் போல வேறெந்த ரஜினி பாட்டும் மூட்டியதில்லை. பாட்டுகள் வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அதற்குப் பிறகு ‘பேட்ட’, ‘தர்பார்’, ‘அண்ணாத்த’, ‘ஜெயிலர்’ என்று படங்களும் வந்துவிட்டன. ஆனாலும் நாலு ரசிகர்கள் கூடிவிட்டால் அந்தப் பேச்சு மறுபடி தலையெடுக்கிறது. காரணம், அது பாட்டைப் பற்றிய சண்டை மட்டும் அல்ல. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் சண்டை. ஊரைப் பற்றிய சண்டை. தமிழைப் பற்றிய சண்டையும்கூட.

பெரியவர்கள் கட்சி

ரஜினி படம் என்றால் முதல் பாட்டு எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலில் இருக்கவேண்டும் என்பது ரசிகர்கள் எழுதாமல் எழுதி வைத்திருந்த சட்டம். ‘அண்ணாமலை’ (1992), ‘பாட்ஷா’ (1995), ‘முத்து’ (1995), ‘அருணாசலம்’ (1997), ‘படையப்பா’ (1999) என்று அந்தச் சட்டம் பிசகாமல் நடந்துவந்தது. தேவா இசையமைத்தாலும் சரி, ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்தாலும் சரி, ரஜினி திரையில் கால் வைக்கும்போது பாலுவின் குரல் கூடவே வரும்.

அந்தப் பாட்டுகள் வெறும் ஆட்டத்துக்கு மட்டும் வந்தவை அல்ல. ‘அண்ணாமலை’யில் பால்காரர். ‘பாட்ஷா’வில் ஆட்டோ டிரைவர். ஊரை விட்டு வந்து கைவண்டி இழுத்தவருக்கும், இட்லிக்கூடை சுமந்தவருக்கும், ஆட்டோ ஓட்டியவருக்கும் அந்தப் பாட்டுகள் ஒரு மரியாதையைக் கொடுத்தன. “உழைக்கிறவன் தலை நிமிர்ந்து நடக்கலாம்” என்ற தெம்பைக் கொடுத்தன. கல்யாண வீட்டு இன்னிசைக் கச்சேரியில் அந்தப் பாட்டு இல்லாமல் பந்தி முடியாது.

‘காலா’வில் அது இல்லை. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். பல பாடல்களில் ராகத்துக்குப் பதிலாக ராப். பாடுவதற்குப் பதிலாகப் பேசுவது. வரிக்கு வரி வேகம். “என்ன சொல்கிறான் என்றே விளங்கவில்லை. முணுமுணுக்க ஒரு மெட்டு உண்டா? இது ரஜினி பாட்டா?” என்று பெரியவர்கள் கேட்டார்கள். ‘கபாலி’யில் அருண்ராஜா காமராஜ் போட்ட சத்தத்தையே பொறுத்துக்கொண்டவர்கள், “இது அதுக்கும் மேலே போய்விட்டதே” என்று தலையில் கை வைத்தார்கள்.

இளைஞர்கள் கட்சி

இளைஞர்கள் சொன்ன பதில் வேறு. அது மெட்டைப் பற்றியதே அல்ல.

‘காலா’ தாராவியைப் பற்றிய படம். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து தாராவியில் தலையெடுத்த கரிகாலன் என்பவரின் கதை. மண்ணைக் காக்கப் போராடும் மக்களின் கதை. அந்தப் படத்துக்கு ராப் பாட இயக்குநர் பா.ரஞ்சித்தும் சந்தோஷ் நாராயணனும் தேடிப் பிடித்தது வெளிநாட்டுக்காரர்களை அல்ல. தாராவியிலேயே பாடிக்கொண்டிருந்த ‘டோபடெலிக்ஸ்’ குழுவை. இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் என்று எல்லா மொழியிலும் பாடுகிற பையன்கள் அவர்கள். காரணமில்லாமல் போலீசார் பிடித்து விசாரிக்கும் இளைஞர்களின் கஷ்டத்தை மராத்தித் தலைப்பில் பாட்டாகப் போட்டு முன்பே பெயர் வாங்கியவர்கள். ‘செம வெயிட்டு’, ‘தெருவிளக்கு’ போன்ற பாடல்களில் இவர்கள் பங்கு உண்டு.

“பால்காரனைப் பற்றிப் பாடினார்கள், ஆட்டோக்காரனைப் பற்றிப் பாடினார்கள். ஆனால் பாடியவர்கள் பால்காரனா, ஆட்டோக்காரனா? இப்போதுதானே தாராவியைப் பற்றி தாராவிக்காரனே பாடுகிறான்!” இதுதான் இளைஞர்களின் வாதம். இதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மாறாத இசை உண்டா?

ஒரு விஷயத்தைப் பெரியவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். இன்று அவர்கள் “ஆகா, பழைய பாட்டு” என்று கொண்டாடுவதெல்லாம் ஒரு காலத்தில் புதுப் பாட்டாக வந்து திட்டு வாங்கியதுதான்.

ஜி.ராமநாதன் காலத்துக் கர்நாடக மெட்டுகளில் ஊறியவர்களுக்கு விசுவநாதன் - ராமமூர்த்தியின் மெல்லிசை இலேசாகத் தெரிந்தது. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது “வயல்காட்டுப் பாட்டையெல்லாம் சினிமாவில் போடுகிறார்கள்” என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதே இளையராஜா 1986-ல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களில் மின்னணுக் கருவிகளின் ஒலியைக் கொண்டுவந்தபோது, “கிராமத்து மண்வாசனை எங்கே போயிற்று?” என்று அவருடைய ரசிகர்களே கேட்டார்கள். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. “இது கம்ப்யூட்டர் சத்தம், நாலு நாளைக்கு நிற்காது” என்றார்கள். நின்றதா, இல்லையா?

அயல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கிட்டாரை மீட்டி நாட்டுப்பாடல் பாடிக்கொண்டிருந்த பாப் டிலன், 1965-ல் நியூபோர்ட் விழாவில் மின்சாரக் கிட்டாருடன் மேடை ஏறினார். அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்களில் பலர் கூச்சல் போட்டார்கள். அதே டிலனுக்கு 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

லாவணி எங்கிருந்து வந்தது?

“ராப் அமெரிக்கக்காரன் சரக்கு. அது எப்படித் தமிழாகும்?” என்பது அடுத்த கேள்வி.

ராப் அமெரிக்காவில் பிறந்தது உண்மைதான். 1973-ல் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் அது முளைத்தது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள் இசைத்தட்டையும் வாய்ப்பேச்சையும் வைத்தே பாட்டு உண்டாக்கினார்கள். அது மலேசியா வழியாகத் தமிழுக்கு வந்தது. யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006-ல் வெளியானது. அந்த யோகி பி ‘காலா’விலும் பாடியிருக்கிறார்.

வந்த சரக்கு என்பதாலேயே தள்ளிவிடலாமா? தஞ்சை மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், லாவணிப் பாட்டைத் தெரியாதவர் இருக்கமாட்டார். காமன் பண்டிகையில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, டேப்பு அடித்து விடிய விடியப் பாட்டாலேயே வழக்காடுவார்கள். அந்த லாவணி எங்கிருந்து வந்தது? மராட்டியர்கள் தஞ்சையை ஆண்ட காலத்தில் இந்த மராட்டிய மண்ணிலிருந்து போனது! தமிழன் அதை வாங்கினான், தமிழில் பாடினான், தமிழாக்கிவிட்டான். இரண்டு பையன்கள் எதிரெதிரே நின்று எதுகை மோனையில் ஒருவரை ஒருவர் மடக்குகிற ராப் போட்டிக்கும், எரிந்த கட்சி எரியாத கட்சிக்கும் அப்படி என்ன தூரம்?

கானாப் பாட்டையும் ஒரு காலத்தில் வீட்டுக்குள் விடவில்லை. சென்னையில் இழவு வீட்டுப் பாட்டு, குப்பத்துப் பாட்டு என்றார்கள். தேவா அதைச் சினிமாவில் போட்ட பிறகு மாட்டுங்காக் கல்யாணங்களிலும் அது ஒலித்தது. பறைக்கும் அதே கதி, பிறகு அதே மரியாதை. பாட்டின் மேல் பூசிய தீட்டு பெரும்பாலும் பாட்டால் வந்ததல்ல. பாடுகிறவன் எந்தத் தெருக்காரன் என்பதால் வந்தது. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்பவரும் தொண்ணூறு அடி ரோட்டில் ராப் கேட்பவரும் இரண்டு மைலுக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் இடையிலே இருக்கிற தூரம் இரண்டு மைல் அல்ல.

பிள்ளைகளும் கேட்கவேண்டும்

இதனால் பெரியவர்கள் சொன்னதெல்லாம் தவறு என்று ஆகிவிடாது. சொல் விளங்கவேண்டும் என்று அவர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். ராப்புக்கு மெட்டு உயிர் அல்ல, சொல்தான் உயிர். அந்தச் சொல்லே வாத்தியச் சத்தத்தில் மூழ்கிப்போனால் மிச்சம் என்ன இருக்கிறது? மண் உரிமையைப் பற்றிப் பாடிய பாட்டு, அந்த மண்ணிலேயே ஐம்பது வருஷம் வாழ்ந்த பாட்டிக்கு விளங்காமல் போனால் அது யாருக்காகப் பாடிய பாட்டு? வில்லுப்பாட்டுக்காரர் எவ்வளவு வேகமாகப் பாடினாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக் கதை போய்ச் சேர்ந்துவிடும். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வித்தை கைவராதா?

இந்தி, மராத்தி, தமிழ் கலந்து பாடுவதையும் குற்றமாகச் சொல்கிறார்கள். தாராவிப் பையன் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், போலீஸ் ஸ்டேஷனில் மராத்தியும் பேசித்தான் ஆகவேண்டும். அவன் வாழ்க்கையே கலவை. அவன் பாட்டு மட்டும் எப்படித் தனித்தமிழாக இருக்கும்? கலப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

உண்மையான ஆபத்து

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஆனால் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதைக் குறை சொல்ல முடியாது. விளைவு? தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்கிற தலைமுறை வந்துவிட்டது. கடைப் பலகையைப் படிக்க அப்பாவைக் கூப்பிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் தாமாக விரும்பி மனப்பாடம் செய்கிற தமிழ் எது? திருக்குறளா, தேவாரமா? இல்லை, பாட்டுதான். அதிலும் இந்த ராப் பாட்டில் ஒரு பாட்டுக்கு நூற்றுக்கணக்கான சொற்கள். மெல்லிசைப் பாட்டு நாலைப் போல. அந்தச் சொற்கள்தான் அவர்கள் வாயில் மிச்சமிருக்கிற தமிழ். அதையும் “இது பாட்டே அல்ல” என்று சொல்லி விரட்டிவிட்டால், அந்தப் பிள்ளை தமிழை விட்டுவிட்டு இந்தியில் பாடுவான். நஷ்டம் அவனுக்கு அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான டெண்டரில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது. 2023-ல் மராட்டிய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே வீடு, மற்றவர்களுக்கு வெளியே என்பது ஏற்பாடு. யாருக்கு எங்கே வீடு என்ற கவலை இன்று ஒவ்வொரு சந்திலும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்து, சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் குடியேறியவர்களின் சந்ததி நாலு திசைக்கும் பிரிந்து போகலாம். பொங்கலுக்கு ஒரே தெருவில் வரிசையாகப் பானை வைத்த சனங்கள், நாளை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க லோக்கல் ரயில் பிடிக்கவேண்டி வரலாம். அப்போது தாராவி எப்படி இருந்தது, அங்கே தமிழர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்குச் சாட்சி எது? இந்தப் பிள்ளைகளின் பாட்டும் ஒரு சாட்சி.

செய்ய வேண்டியது

சினிமா அந்தச் சாட்சியைக் காப்பாற்றாது. ‘காலா’வுக்குப் பிறகு வந்த ‘பேட்ட’ (2019) படத்திலேயே அனிருத் இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறுபடி ரஜினிக்காகப் பாடினார். மும்பையில் நடக்கிற கதையான ‘தர்பார்’ (2020) படத்திலும் அவரே. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். 2020 செப்டம்பர் 25-ந் தேதி அவர் மறைந்த பிறகு அந்த மகிழ்ச்சிக்கு இன்னும் மதிப்புக் கூடியது. அதில் தவறில்லை. ஆனால் சினிமா என்பது கதைக்கு வேண்டும்போது தாராவிக்கு வரும், கதை முடிந்தால் போய்விடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அதை நம்பி ஒரு தலைமுறை உட்கார்ந்திருக்க முடியாது.

மும்பையில் தமிழ்ச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் குறைவில்லை. பொங்கல் விழா, கோயில் கொடை, ஆண்டு விழா என்று மேடைகளுக்கும் குறைவில்லை. இன்னிசைக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் கொடுக்கிற மேடையில் தாராவி, கோவண்டி, சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கூடவே ஒரு நிபந்தனையும் போடலாம். பாட்டு முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவரவேண்டும் என்று. எழுதத் தெரியாத பையன் மேடைக்காகவாவது எழுதக் கற்றுக்கொள்வான். அவனுக்கு எழுத்துக்கூட்டிக் கொடுக்க மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் இல்லாமலா போய்விட்டார்கள்?

அதைச் செய்தால் பெரியவர்களுக்குச் சொல் விளங்கும். பிள்ளைகளுக்கு எழுத்து விளங்கும். பாட்டு நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற சண்டையை அதன் பிறகு தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் போட்டுக்கொள்ளலாம்.